சோப்பு டிரம்

ஊசி வாலுக்கு அடியில் ஏறியதும் மீன் ஒரு தடவை உதறிக்கொண்டது. ஈரத் துணிக்குள்ளிருந்து முதுகு முள் விரிந்து விக்டோரியாவின் உள்ளங்கையில் குத்தியது.

"விட்டுடாதீங்கக்கா. அப்படியே மல்லாத்திப் புடிங்க. வருது, வருது."

சிரிஞ்சுக்குள் ரத்தம் நூல்போல ஏறியது. கல்பனா அதைச் சின்னக் குழாயில் இறக்கி மூடி, ஐஸ் பெட்டியில் செருகிவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினாள். விக்டோரியா குத்திய மீனைப் பக்கெட்டில் விட்டாள். அது கொஞ்ச நேரம் பக்கவாட்டில் மிதந்தது. பிறகு நினைவு வந்தாற்போல நிமிர்ந்துகொண்டது.

விக்டோரியாவின் புருஷன் பீட்டர் தகரக் கூரையின் நிழலில் குந்தியிருந்தான். "நம்ம ஆசுபத்திரில ஒரு சொட்டுக்கு நாலு எடத்துல குத்துறாங்க. மீனுக்கு நல்ல டாக்டரு கெடச்சிருக்குது."

"நான் டாக்டர் இல்லண்ணா. இன்னும் படிச்சிட்டுதான் இருக்கேன்."

"படிக்கிறப்பவே இப்டி குத்துனா, படிச்சு முடிச்சா?"

கல்பனா சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். சொந்த ஊர் பெரியபாளையத்துக்கு அந்தப் பக்கம். வீட்டில் நெல் வயல் உண்டு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள ஏரியில் வலை போட ஆள் தேடி வந்தபோது காலனிக்காரர்கள் பீட்டரின் வீட்டைக் காட்டினார்கள். பீட்டர் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்பவன். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் அந்த ஏரியில் வலை வீசுவான். அந்த ஏரிக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. இப்போது எல்லாரும் கம்பெனி ஏரி என்றுதான் சொல்கிறார்கள்.

கல்பனாவுக்கு ஜிலேபி மீன் வேண்டும். அதிலும் ஆண் மீன் மட்டும்.

"ஆம்பளதான் வேணும்னா எங்க ஊட்ல ஒண்ணு கீது. வலைக்கு சிக்காது" என்று அன்றைக்கே சொன்னான் பீட்டர்.

"சிக்கினதாலதான் நான் பேஜார் பட்டுகினு கீறேன்" என்றாள் விக்டோரியா.

கம்பெனி ஏரி மீன் ஒரு கூட்டம். கல்பனா தன் ஊர் ஏரியிலிருந்து காற்றடைத்த பையில் கொண்டு வந்த மீன் இன்னொரு கூட்டம். அந்தப் பக்கம் கம்பெனியே கிடையாது. சுத்தமான மீன் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் கெட்டதைக் கெட்டதென்று சொல்ல முடியும் என்றாள். இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே நாளில் குத்த வேண்டும். ஆனால் மீனைக் கொண்டுவந்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. பிறகு கல்லூரியில் ரத்தத்தைச் சுழற்றுகிற எந்திரம் ரிப்பேர். "நாளைக்கு வரேங்க்கா, நாளைக்கு வரேங்க்கா" என்று போன் வந்துகொண்டே இருந்ததில் ஒரு வாரத்துக்கு மேல் ஓடிப் போனது.

அது வரைக்கும் மீன்கள் விக்டோரியாவின் வீட்டில் இருந்தன. கம்பெனி ஏரி மீன், பின்கட்டுச் சிமெண்ட் தொட்டியில், அதே ஏரித் தண்ணீரில். கல்பனா ஊர் மீனுக்கு அவளே ஒரு தெர்மாகோல் பெட்டி கொடுத்திருந்தாள். அது முதல் நாள் சாயங்காலமே ஒழுகிவிட்டது. நம்பிக் கொடுத்துவிட்டுப் போன பெண். விக்டோரியா வீட்டுக் குடிதண்ணீர் டிரம்மைக் காலி செய்தாள். புதிதாக லாரித் தண்ணீர் பிடித்து, மீன்களை அதில் விட்டு, மேலே வலைத்துண்டு கட்டினாள். வீட்டில் இருப்பதிலேயே நல்ல டிரம் அதுதான். இன்று காலை கல்பனா வருவதற்கு முன் அவற்றை மொண்டு பக்கெட்டில் போட்டு வைத்தாள். கல்பனா பக்கெட்டைத்தான் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை.

"இந்த ரத்தத்துல இன்னா தெரியும்?" என்று கேட்டாள் விக்டோரியா.

"பொட்ட மீனு முட்டை வைக்கறதுக்கு முன்னாடி அதோட ஈரல் ஒரு புரதம் செய்யும்கா. அது ரத்தத்துல கலந்து முட்டைக்குப் போயி மஞ்சக் கருவா மாறும். ஆண் மீனோட ஈரலுக்கும் அதைச் செய்யத் தெரியும். ஆனா செய்யாது. செய்யச் சொல்லி அதோட உடம்புல யாரும் சொல்ல மாட்டாங்க."

"சொன்னா?"

"சொன்னா செய்யும். ஆண் மீனோட ரத்தத்துல அந்தப் புரதம் இருந்தா, யாரோ சொல்லிட்டாங்கன்னு அர்த்தம்."

பீட்டர் சிரித்தான். "யாரு பாப்பா அதுகிட்ட போயி சொல்றது?"

"தண்ணிதாண்ணா."

*

கல்பனா போன பிறகு விக்டோரியா டிரம்மைப் புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கவிச்சி போனதா என்று தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள். அவள் மூக்கு அதற்குப் பேர்போனது.

அவளுடைய அம்மா நாற்று நட்ட வயல்களில்தான் தொழிற்பேட்டை வந்தது. விக்டோரியாவும் சின்ன வயதில் அங்கே களை பறித்திருக்கிறாள். முதலில் கம்பி வேலி வந்தது. பிறகு செம்மண் ரோடு, பிறகு புகைபோக்கி. வயல்காரர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். வயலில் வேலை செய்தவர்கள் கம்பெனி வாசலில் போய் நின்றார்கள். அவளுக்குக் கிடைத்தது கம்பெனி இல்லை. ஹைவேஸ் ஓரம் துளசிராமன் போட்டிருந்த டிரம் ஷெட். கம்பெனிகளுக்குச் சரக்கு வந்திறங்கிய நீல டிரம்கள் காலியானதும் அங்கே வரும். கழுவி விற்பார்கள். கல்யாணம் ஆன வருஷம் சேர்ந்தவள், மகளுக்குக் கல்யாணம் ஆகியும் அங்கேதான் இருக்கிறாள்.

காஸ்டிக் சோடா போட்டுக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, டிரம்மைக் கீழே சாய்த்து, காலால் உருட்ட வேண்டும். உருட்டி ஊற்றி, மறுபடி உருட்டி ஊற்றி, கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். அதற்கு முன்னால் பிரிக்க வேண்டும். பிரிப்பது விக்டோரியாவின் வேலை. மூடியைத் திறந்ததும் சொல்லிவிடுவாள். பூச்சிமருந்து டிரம்மை அவள் ஒருநாளும் வீட்டுக்கு விட்டதில்லை. சாய டிரம், பசை டிரம், ஆசிட் டிரம் எல்லாம் கட்டட வேலைக்கும் சாக்கடைக்கும். துளசிராமனே வந்து, "போனா போவுது, இதையும் தண்ணி வரிசைல வையேன்" என்று சொன்னபோதும், "புள்ளகுட்டிக்காரங்க குடிக்கிறது, வைக்க மாட்டேன்" என்று சொன்னவள்.

தண்ணிக்கு என்று அவள் எடுத்து வைப்பது சோப்பு டிரம் ஒன்றைத்தான். சோப்புக் கம்பெனிக்கும் துணிக் கம்பெனிக்கும் ஒரு கெட்டியான எண்ணெய் வரும். வழவழவென்று இருக்கும். நாற்றம் கிடையாது. தண்ணீர் பட்டால் நுரைத்துக்கொண்டு கிளம்பும். கழுவக் கழுவ நுரை குறைந்து, கடைசியில் கண்ணாடியாகத் தண்ணீர் நிற்கும். சோப்புதானே, அது தன்னைத்தானே கழுவிக்கொண்டு போய்விடும் என்று அவள் எல்லாருக்கும் சொல்வாள். ஷெட்டில் மற்றவர்களும் அதையே சொன்னார்கள். காலனியில் யார் வீட்டில் டிரம் வாங்கினாலும், "விக்டோரியாகிட்ட சொல்லி சோப்பு டிரம்மா பாத்து எடு" என்பார்கள்.

இந்தப் பக்கத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சீரில் பீரோ, கட்டில், கிரைண்டரோடு ஒரு டிரம்மும் போகும். லாரித் தண்ணீர் வருகிற ஊரில் டிரம் இல்லாமல் குடும்பம் நடக்காது. மகள் மோனிகாவுக்குக் கல்யாணம் கூடியதும் விக்டோரியா நல்ல கனமான சோப்பு டிரம்மாக ஒன்றைப் பார்த்து ஒதுக்கி வைத்தாள். அதை வேறு யாரையும் தொட விடவில்லை. தானே கழுவினாள். வாய் வளையத்தைச் சுற்றி பீட்டர் சிவப்புப் பெயிண்டில் சிலுவையும் இரண்டு பெயர்களும் எழுதினான். மற்ற சாமான்களோடு அது பெரியபாளையத்துக்குக் கிட்டே இருக்கிற ஆரணியில் மாப்பிள்ளை சாம்சன் வீட்டுக்குப் போனது.

மோனிகாவுக்கு முதலில் உண்டானது மூன்றாம் மாசத்தில் போயிற்று. அடுத்ததும் அப்படியே. இப்போது மூன்றாவது. இது ஐந்தைத் தாண்டியிருக்கிறது. ஜெபக் கூட்டத்தில் பெயர் சொல்லி ஜெபிக்கிறார்கள். விக்டோரியா சத்தமாக ஆமென் சொல்லக்கூடப் பயந்தாள்.

அந்த மாசம் அவர்கள் தெருவில் ஒரு பந்தல் போட்டார்கள். மூன்றாம் வகுப்பு படிக்கிற பெண் வயசுக்கு வந்துவிட்டாள். பட்டுப் பாவாடையில் உட்கார்ந்து, தன்னை எதற்கு உட்கார வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல், காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் இப்படித்தான். போன வருஷமும் பக்கத்துத் தெருவில் ஒன்று நடந்தது. "எல்லாம் பிராய்லர் கோழி" என்றார்கள் பந்தியில் உட்கார்ந்தவர்கள். கோழிக்கறிதான் பரிமாறினார்கள். விக்டோரியாவும் ஆமாம் என்றாள்.

*

சில வாரம் கழித்து கல்பனா ஒரு நாள் காலையில் வந்தாள். வெயிலில் நடந்து வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. விக்டோரியா டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளைத் தட்டில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள்.

"மஞ்சளா மாறினா அந்தப் புரதம் இருக்குதுன்னு அர்த்தம்கா. மேல் வரிசை கம்பெனி ஏரி."

மேல் வரிசையில் சில குழிகள் வெளிர் மஞ்சளாக இருந்தன.

"கீழ இருக்கறது எங்க ஊரு மீனு."

கீழ் வரிசை முழுக்க, ஒன்று விடாமல், முட்டையை உடைத்து ஊற்றியதுபோல இருந்தது.

கல்பனா பீட்டரைப் பார்த்தாள். "அண்ணா, கோச்சிக்காதீங்க. மீனை மாத்தி வச்சிட்டீங்களா?"

"இன்னா பாப்பா நீ! உங்க ஊரு மீனு கொழுகொழுன்னு இருந்துச்சு. எங்க ஊரு மீனு எலும்பும் தோலுமா என்னிய மாதிரி கீது. இதக் கூடவா மாத்துவோம்?"

"அப்ப இது எப்படி வரும்? எங்க ஏரில திரும்பப் புடிச்சு அங்கியே குத்திப் பாத்துட்டேன். அதுல ஒண்ணுமே இல்ல. சுத்தம்." நெற்றியைத் துடைத்தாள். "இங்க வந்த அப்புறம்தான் ஏதோ ஆயிருக்குது. எந்தத் தண்ணில வச்சீங்கக்கா?"

"லாரித் தண்ணி. நல்ல தண்ணி."

"நான் குடுத்த பெட்டிலதானே?"

"அது அன்னைக்கே ஒழுகிப் போச்சும்மா. உங்க மீனாச்சேன்னு, எங்க குடிக்கிற டிரம்ம காலி பண்ணி அதுல உட்டேன்."

கதவுக்குப் பின்னால் டிரம் இருந்தது. மேலே ஒரு தட்டு. தட்டின்மேல் கவிழ்த்த இன்னொரு டம்ளர்.

"அந்த டிரம்முல முன்னாடி இன்னா இருந்துச்சு?"

"சோப்பு எண்ணெ. அது ஒண்ணும் பண்ணாது. சோப்புதான?"

கல்பனா கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். பாதி இருந்தது. அதைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தம் கேட்கவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னாள். சோப்பு எண்ணெயில் பல விதம் உண்டு. சிலதில் ஒரு சரக்கு கலந்திருக்கும். அது பிளாஸ்டிக்கில் ஊறிக்கொள்ளும். கழுவினால் நுரை போகும், ஊறியது போகாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். உடம்புக்குள் போனால், பெண் உடம்பு போடுகிற உத்தரவைப் போலவே அது வேஷம் போடும். ஈரல் நம்பிவிடும்.

"ஆனா ஒரே ஒரு டிரம்ம வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா. லாரித் தண்ணியாவும் இருக்கலாம். திரும்ப செஞ்சு பாக்கணும். எங்க சார்கிட்ட கேக்கணும். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஜனங்க பயந்துடுவாங்க. உங்க ஷெட்டுலயும் பிரச்சினையாவும்."

"அப்ப நானும் முட்ட போடுவேனா?" என்றான் பீட்டர். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"கொதிக்க வச்சா போவுமா?" என்று கேட்டாள் விக்டோரியா.

"போவாதுக்கா."

"மனுசங்களுக்கு இன்னா பண்ணும்?"

"அது இன்னும் சரியா தெரியாது. மீனு வேற, நாம வேற. அது நாள் பூரா அந்தத் தண்ணிலயே கெடக்குது. அதுலயே மூச்சு வுடுது. நாம குடிக்க மட்டும்தான் செய்யறோம்."

விக்டோரியா தரையில் இருந்த டம்ளரைக் கையில் எடுத்தாள்.

"வயித்துல கீற புள்ளயும் தண்ணிலதானம்மா கெடக்குது?"

கல்பனா பையிலிருந்து கண்ணாடிப் புட்டி எடுத்து, டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு நிரப்பி, மூடியில் தேதி எழுதினாள். போகும்போது, "மோனிகாவுக்கு எத்தனாவது மாசம்கா?" என்று கேட்டாள். விக்டோரியா சொன்னாள். கல்பனா தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

*

மத்தியானமே விக்டோரியா கிளம்பிவிட்டாள். கவரைப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறினாள். வழியெல்லாம் வாசலுக்கு வாசல் நீல டிரம். டீக்கடையில் ஒன்று, சத்துணவுக்கூடத்துத் தகரக் கொட்டகையில் இரண்டு, சர்ச் வாசலில் குழாய் பொருத்தினது ஒன்று. எது தன் கையில் கழுவினது என்று அவளுக்குத் தெரியாது. எதுவாகவும் இருக்கலாம். இத்தனை நாள் கண்ணில் படாதது இப்போது கண்ணை விட்டுப் போகவில்லை.

சாம்சனின் அம்மா ரோசம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வா சம்மந்தி! இன்னா, ஒரு போன் கூட இல்லாம?"

"சும்மாதான். புள்ளய பாத்துட்டு போலாம்னு."

"உன் புள்ளைக்கு இன்னா கொறச்சல்? நான் நாஷ்டாவ கைல குடுத்து, வாயில போடறாளான்னு பாத்துகினு நிக்கிறேன். தண்ணி கூட காய்ச்சிதான் குடுக்கறேன். உங்க ஊட்ல கூட இப்டி கவனிச்சிருக்க மாட்டாங்க."

மோனிகா உள்ளேயிருந்து வந்தாள். முகம் பூரித்து, தெளிவாக இருந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர், ஆவி பறந்தது. விக்டோரியா எழுந்துபோய் டம்ளரை வாங்கி வாசலில் ஊற்றினாள்.

"இன்னாம்மா?"

"ஈ வுழுந்துச்சு."

ரோசம்மாள் கீரையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவளுக்கு ஈ தெரியவில்லை.

"சம்மந்தி, அந்த டிரம்ம நான் எடுத்துகினு போறேன்" என்றாள் விக்டோரியா.

"எந்த டிரம்ம?"

"சீருக்குக் குடுத்தத."

"ஓ. அப்ப பீரோ? கட்டிலு? கிரைண்டரு? எல்லாத்தையும் வண்டில ஏத்தட்டுமா? என் புள்ளைய மட்டும் வுட்டுட்டுப் போ."

"அதுக்கில்ல. அடியில வெடிப்பு கீது. அன்னைக்கே பாத்தேன். வேற குடுக்கறேன்."

"நேத்துதான் கழுவி கவுத்தேன். வெடிப்பு டிரம்முல இல்ல, உன் கண்ணுல கீது. அக்கம்பக்கத்துல இன்னா பேசுவாங்க? குடுத்த சீர திருப்பி எடுத்துகினு போறவள நான் எங்கியும் பாக்கல."

"அம்மா, இன்னா ஆச்சு? மூஞ்சே சரியில்ல" என்றாள் மோனிகா.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மகளை அவளுக்குத் தெரியும். மீன், ரத்தம், சோப்பு எதைப் பற்றியும் மோனிகா கேட்க மாட்டாள். ஒன்றே ஒன்றைக் கேட்பாள். அப்ப மொதல்ல போனது ரெண்டும்? அதற்கு இல்லை என்று சொல்ல விக்டோரியாவால் முடியாது. ஆமாம் என்று சொல்லவும் முடியாது. அந்த இரண்டைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசினதில்லை. ரோசம்மாள்கூட, வாய் ஓயாத ரோசம்மாள்கூட, ஒருநாளும் குத்திக்காட்டினதில்லை.

விக்டோரியா உள்ளே போனாள். சமையல்கட்டு மூலையில் டிரம் நின்றது. சிவப்பு எழுத்து கொஞ்சம் உரிந்திருந்தது. நேற்றுப் பிடித்த தண்ணீர் பாதிக்கு இருந்தது. நாளெல்லாம் டிரம் உருட்டுகிறவள். விளிம்பைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்துச் சுழற்றி, வாசல்வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தாள். படியில் வந்ததும் தள்ளினாள். தண்ணீர் மொத்தமும் தெருவில் ஓடியது.

"அய்யோ, லாரி இனிமே நாளன்னைக்கிதான்டீ!" என்று கத்தினாள் ரோசம்மாள்.

சுவரோரம் ஒரு கடப்பாரை சாய்ந்திருந்தது. விக்டோரியா அதை எடுத்து டிரம்மின் அடியில் இறக்கினாள். முதல் குத்தில் வழுக்கியது. அடுத்ததில் இறங்கியது. இறங்கினதைப் பிடுங்கி மறுபடி இறக்கினாள். கனமான டிரம், லேசில் உடையவில்லை. எதிர்வீட்டுப் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். மோனிகா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

"சீர் குடுத்தவளே ஒடைக்கிறாளே! புள்ளத்தாச்சி கீற ஊட்ல இப்டியா பண்ணுவாங்க!" என்று கூவினாள் ரோசம்மாள்.

விக்டோரியா நிறுத்தியபோது டிரம்மின் அடியில் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. மூச்சு வாங்கியது. யாரையும் பார்க்காமல் நின்றாள்.

 பிறகு ரோசம்மாள் கிட்டே வந்தாள். குரல் மாறியிருந்தது.

"சம்மந்தி. எவளாவது அதுல ஏதாவது வச்சிட்டாளா?"

விக்டோரியா நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்மள்து ஜெபம் பண்ற ஊடு. இதையெல்லாம் நம்பக் கூடாதுதான். ஆனா எவளுக்கு வயிறு எரியுதோ யாரு கண்டா? அன்னைக்கு கல்யாண ஊட்டுல சாமான்லாம் ராத்திரி பூரா வெளியதான் கெடந்துச்சு. உனக்கு ஏதாவது காட்டிச்சா? கனவுல ஏதாவது?"

விக்டோரியா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

"அதான பாத்தேன்!" ரோசம்மாள் தெருவைப் பார்த்துத் திரும்பினாள். "பெத்தவளுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிலியே இத்தினி நாளா! வெசத்த ஊட்டுக்குள்ளயே வச்சிகினு, அத காய்ச்சி காய்ச்சி நானே குடுத்திருக்கேனே!" அவள் விக்டோரியாவைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மோனிகாவை உள்ளே கூட்டிப் போய், நெற்றியில் எண்ணெய் வைத்து ஜெபித்தாள். எதிர்வீட்டுப் பெண்களும் வந்து முட்டி போட்டார்கள். உடைந்த டிரம்மை ஒருத்தி தெருமுனைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து கை கழுவினாள்.

கிளம்பும்போது விக்டோரியா மகளிடம் ஒன்றுதான் சொன்னாள். "இனிமே தண்ணிய எவர்சில்வர் கொடத்துல புடிச்சி வச்சிக்க."

"ரெண்டே கொடந்தான் கீது."

"வாங்கித் தரேன்."

வீட்டுக்கு வந்தபோது பீட்டர் கதவுக்குப் பின்னால் இருந்த டிரம்மிலிருந்து மொண்டு குடித்துக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பதைப் பார்த்து, "இத்தினி வருசம் குடிச்சாச்சு. இனிமே இன்னாமே?" என்றான்.

*

மறுநாள் விக்டோரியா வழக்கம்போல ஷெட்டுக்குப் போனாள். காலையில் ஒரு லோடு டிரம் வந்தது. மூடி திறந்து பிரித்தாள். சோப்பு டிரம்கள் கொஞ்சம் இருந்தன. அவற்றைத் தனி வரிசையாக வைக்கவில்லை. துளசிராமன் வந்து அவனே வைத்தான்.

ராத்திரி ஷிப்ட் முடித்துக்கொண்டு சாம்சன் பைக்கில் வந்தான். பின்னால் கட்டுவதற்குக் கயிறு கொண்டு வந்திருந்தான்.

"அம்மா அனுப்பிச்சுது அத்தை. உங்க கையால கழுவினதா ஒண்ணு பாத்து வாங்கியாரச் சொல்லிச்சு. வேற எங்கியும் வாங்கக் கூடாதாம். உங்க கை பட்டா எதுவும் அண்டாதாம்."

அவள் அவனைக் காஸ்டிக் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள். மீனை டிரம்மில் விட்டது, ரத்தம் எடுத்தது, மஞ்சளான குழிகள், சோப்பு. கல்பனா இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள். சாம்சன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"மொதல்ல ரெண்டு போச்சே. அதுவுமா?"

"தெரியாதுப்பா."

"மோனிகாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாதீங்க அத்தை. புள்ள பொறக்கட்டும்."

அவள் சரி என்றாள். அவன் வெறும் வண்டியோடு போனான். மருமகன் ஏன் டிரம் வாங்காமல் போகிறான் என்று துளசிராமன் கேட்டான். சைஸ் சரியில்லை என்றாள்.

மத்தியானத்துக்குள் ஒரு வேன் வந்தது. பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு ஆடி மாசம் வருகிற கூட்டத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள். போன வாரம் கழுவிக் காயவைத்த சோப்பு வரிசை முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். இதை அங்கே வைக்க வேண்டாம் என்று விக்டோரியா டிரைவரிடம் சொன்னாள். ஏன் என்றான் அவன். அதற்குள் துளசிராமன் கூப்பிட்டான். அவள் போய் மறுமுனையைப் பிடித்து ஏற்றினாள்.

கல்பனா போன் செய்தாள். அடுத்த வாரம் புது மீனோடு வருவதாகவும், ஷெட்டிலிருந்து ஒரு சோப்பு டிரம் மட்டும் எடுத்துவைக்கும்படியும் சொன்னாள். ஒப்பிட்டுப் பார்க்கப் புது டிரம் ஒன்றைக் கடையில் வாங்கி வருகிறாளாம். அவளுடைய சார் ஊரில் இல்லை.

சாயங்காலம் லாரி வந்தது. விக்டோரியா குடத்தில் பிடித்தாள். மற்றவர்கள் டிரம்மில் பிடித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண், "டிரம்ம இன்னாக்கா பண்ண?" என்று கேட்டாள். கவிச்சி போகவில்லை, வெளியே போட்டிருக்கிறேன் என்றாள் விக்டோரியா. அப்படியானால் தான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றாள் விக்டோரியா. ராத்திரிக்குக் குடத்துத் தண்ணீரில் கஞ்சி வைத்தாள்.